பெயர் ஒன்று, ஆள் வேறு: எக்செல்லில் இரண்டு பட்டியல்களைப் பொருத்தும்போது தவறு எங்கே நடக்கிறது?

ஒரு கல்லூரி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 480 மாணவர்களுக்கு உதவித்தொகை அனுப்ப வேண்டும். யாருக்கு எவ்வளவு தொகை என்ற விவரம் ஒரு எக்செல் கோப்பில் இருக்கிறது. மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இன்னொரு கோப்பில் இருக்கின்றன. முதல் கோப்பில் 480 பேர், இரண்டாவதில் 463 பேர்தான். 17 பேர் இன்னும் கணக்கு எண் கொடுக்கவில்லை. மாலைக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக வங்கிக்கு அனுப்பியாக வேண்டும்.

பள்ளி, கூட்டுறவு சங்கம், குடியிருப்போர் சங்கம், மளிகை மொத்தக் கடை என எங்கே போனாலும் யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். ஒரு பட்டியலில் இருக்கும் ஆளை இன்னொரு பட்டியலில் கண்டுபிடித்து, அவருடைய விவரத்தை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஒரு வரி மாறிப்போனால் ஒருவருடைய பணம் இன்னொருவர் கணக்கில் விழும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படுகிறது. பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது அனுப்புபவரின் பொறுப்பு. பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. ஒருவருக்கு அனுப்பும்போது அது நல்ல வசதி. 480 பேருக்கு மொத்தமாக அனுப்பும்போது ஒவ்வொரு பெயராகப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

எதை வைத்துப் பொருத்துவது?

பெரும்பாலானவர்கள் முதலில் கைவைப்பது பெயரில்தான். அங்கேயே பாதித் தவறு தொடங்கிவிடுகிறது.

நம் ஊர் பெயர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இனிஷியல். ஒரு பட்டியலில் 'எஸ்.முருகன்', இன்னொன்றில் 'முருகன் எஸ்', வங்கிக் கணக்கில் 'முருகன் செல்வராஜ்'. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், எக்செல்லுக்குத் தெரியாது. அதற்கு ஒரு புள்ளி கூடினாலும், ஒரு இடைவெளி குறைந்தாலும் அது வேறு பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் மோசம். லட்சுமியை நாலு விதமாக எழுதலாம், சித்ராவை மூன்று விதமாக. கனிமொழியின் 'ழி' ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை.

எதிர்ப்பக்கச் சிக்கல் இதைவிட ஆபத்தானது. ஒரே பெயரில் இரண்டு பேர். ஒரு வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் எக்செல் மேலிருந்து பார்த்து முதலில் கண்ணில் படும் கார்த்திக்கின் விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாவது கார்த்திக்கின் வரியிலும் அதே கணக்கு எண் உட்கார்ந்திருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

'பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தால் போதாதா?' என்று கேட்கலாம். சிறிய பட்டியலுக்குப் பெரும்பாலும் போதும். பெரிய பட்டியலுக்குப் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க, கன்சாஸ் மாநிலம் 'கிராஸ்செக்' என்ற திட்டத்தை நடத்தியது. பல மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களை முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் வைத்துப் பொருத்தினார்கள். கோடிக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் பெயரும் பிறந்த தேதியும் தற்செயலாகவே ஒத்துப்போகும் ஆட்கள் ஏராளம். இந்தத் திட்டம் பரிந்துரைத்த ஒரு நீக்கல் முறையைப் பின்பற்றினால், ஒரு இரட்டை வாக்கைத் தடுப்பதற்காகச் சுமார் 300 நியாயமான வாக்குகளுக்குத் தடை ஏற்படலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019 டிசம்பரில் நீதிமன்ற வழக்கு ஒன்றில் ஏற்பட்ட உடன்பாட்டில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகவே பொருத்துவதற்கு எடுக்க வேண்டியது ஒருவருக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் எண்: மாணவர் பதிவு எண், ஊழியர் எண், வீட்டு எண், பொருளின் குறியீடு. ஆதாரும் அப்படிப்பட்ட எண்தானே என்று தோன்றும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றப்போகும் பட்டியலில் ஆதார் எண்ணை வைப்பது வேண்டாத வம்பு. பதிவு எண் இருக்கும் இடத்தில் அதுவே போதும்.

எந்த எண்ணும் இல்லையென்றால்? இரண்டு மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். வகுப்பு, பெயர், பிறந்த தேதி மூன்றையும் '&' குறியால் இணைத்து, நடுவில் ஒரு கோடு போட்டால் ஓரளவு தனித்துவமான அடையாளம் கிடைக்கும். அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள். கோடு இல்லாவிட்டால் 1-ஆம் வார்டு 12-ஆம் வீடும், 11-ஆம் வார்டு 2-ஆம் வீடும் இரண்டுமே '112' ஆகிவிடும்.

விலுக்அப் என்ன செய்கிறது?

இந்த வேலைக்கு எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் கட்டளை விலுக்அப். 1985-ல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த முதல் எக்செல்லிலேயே இது இருந்தது. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்புக்காகத் தமிழில் தரப்படுகிறது.

=விலுக்அப்(ஏ2, கணக்குப் பட்டியல், 3, 0)

இதன் பொருள் இதுதான்: 'ஏ2 கட்டத்தில் இருக்கும் பதிவு எண்ணை எடுத்துக்கொள். கணக்குப் பட்டியலின் முதல் நெடுவரிசையில் அதைத் தேடு. கிடைத்தால் அதே வரியில் 3-ஆவது நெடுவரிசையில் இருப்பதைக் கொண்டு வா. அச்சு அசலாகப் பொருந்தினால் மட்டும் கொண்டு வா.' கடைசி உத்தரவைத் தருவது அந்த 0. அதற்குப் பதில் 'ஃபால்ஸ்' என்று போட்டாலும் ஒன்றுதான்.

முதல் வரியில் எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் 480 வரிகளும் நிரம்பிவிடும். இழுக்கும்போது கணக்குப் பட்டியலின் எல்லையும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகரும் என்பதை மறந்துவிடக் கூடாது. நகர்ந்தால் பட்டியலின் மேலே இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவராக எல்லைக்கு வெளியே போய்விடுவார்கள். எல்லையைப் பூட்ட டாலர் குறி போட வேண்டும். விண்டோஸ் கணினியில் எஃப்4 விசையை அழுத்தினால் தானாக வரும். மொபைலில் என்றால் கையால் தட்டலாம்.

அந்தக் கடைசி 0-வை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். 0 போடாமல் விட்டால் விலுக்அப், 'சுமாராகப் பொருந்தினால் போதும்' என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு.

சுமார் என்றால் எப்படி? தேடும் எண் கிடைக்காவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் நெருங்கிய எண்ணை எடுத்துக்கொள்ளும். பதிவு எண் 1045 மாணவி கணக்கு எண் கொடுக்கவில்லை. பட்டியலில் 1044 இருக்கிறது, அடுத்தது 1046. விலுக்அப் சத்தமே இல்லாமல் 1044-இன் கணக்கு எண்ணை 1045-க்கு எதிரே எழுதிவிடும். 1044-க்கு இரண்டு மடங்கு பணம், 1045-க்கு ஒன்றும் இல்லை. கணக்குக் கொடுக்காத 17 பேருக்கும் இப்படித்தான் நடக்கும். 480 வரிகளும் அழகாக நிரம்பியிருப்பதைப் பார்த்து, 'எல்லாம் கரெக்டா வந்துடுச்சு சார்' என்று கோப்பு வங்கிக்குப் போய்விடும்.

பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் கதை இன்னும் சிக்கலாகும். சுமார் தேடலில் எக்செல் அகராதியில் சொல் தேடுவது போல நடுவில் திறந்து, முன்னால் போகலாமா பின்னால் போகலாமா என்று முடிவெடுக்கும். வரிசை கலைந்திருந்தால் இருக்கும் எண்ணையும் தவறவிடும், சம்பந்தமே இல்லாத வரியையும் எடுத்து நீட்டும்.

அப்படியானால் இந்த வசதி எதற்கு இருக்கிறது? மதிப்பெண்ணுக்குத் தரம் போடவும், வருமானத்துக்கு எந்த வரி அடுக்கு என்று பார்க்கவும் இது பொருத்தமானது. 67 மதிப்பெண் எடுத்தவரை 60-இல் தொடங்கும் தரத்தில் வைப்பதற்குச் சுமார் தேடல்தான் வேண்டும். ஆட்களைத் தேடுவதற்கு அது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு தூக்கம் கெடுக்கும் விஷயம், கட்டளையில் இருக்கும் அந்த '3'. கணக்குப் பட்டியலின் நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைப் புதிதாகச் சேர்த்தால் கணக்கு எண் 4-ஆவது இடத்துக்குப் போய்விடும். விலுக்அப் 3-ஆவதையே கொண்டுவந்துகொண்டிருக்கும்.

#என்/ஏ வந்தால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். 'நீங்கள் கேட்டது பட்டியலில் இல்லை' என்று எக்செல் நேர்மையாகச் சொல்வதுதான் #என்/ஏ. நம் உதாரணத்தில் சரியாகச் செய்தால் 17 வரிகளில் அது வர வேண்டும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் மேலதிகாரிக்கு அனுப்பும் தாளில் அது அசிங்கமாகத் தெரிகிறது என்று பலர் இஃப்எர்ரர் என்ற கட்டளையைப் போட்டு அந்த இடத்தை வெற்றாக்கிவிடுகிறார்கள். இஃப்எர்ரர் எல்லாப் பிழைகளையும் சேர்த்து மூடிவிடும். கட்டளையை நீங்களே தவறாக எழுதியிருந்தாலும் தெரியாது. மறைக்கத்தான் வேண்டும் என்றால் இஃப்என்ஏ போட்டு, வெற்றிடத்துக்குப் பதில் 'கணக்கு இல்லை' என்று எழுத வைக்கலாம்.

வேறு ஒரு பொய்யையும் கவனிக்க வேண்டும். ஆள் பட்டியலில் இருக்கிறார், ஆனால் அவர் வரியில் அந்தக் கட்டம் மட்டும் காலி. அப்போது விலுக்அப் காலியைக் காட்டாது, 0 என்று காட்டும். மதிப்பெண் பட்டியலில் இது நடந்தால், தேர்வுக்கு வராத மாணவர் 0 எடுத்த மாணவராகிவிடுவார்.

எண் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை. ஏன்?

அலுவலகங்களில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். '1045 இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு, ஆனா வரமாட்டேங்குது.' பெரும்பாலும் ஒரு பக்கம் அது எண்ணாகவும், மறுபக்கம் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்தாகச் சேமித்த எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், மூலையில் சின்னதாகப் பச்சை முக்கோணம் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒரே வகையாக மாற்றினால் பிரச்சினை தீரும். எழுத்தாக இருப்பதை 1-ஆல் பெருக்கினால் எண்ணாகிவிடும்.

அடுத்த சந்தேகம் இடைவெளி மீது. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருந்தாலே பொருத்தம் போச்சு. ட்ரிம் என்ற கட்டளை முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை வெட்டிவிடும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் வேறு வகை இடைவெளி ஒளிந்திருக்கலாம். ட்ரிம் அதைத் தொடாது. அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, 'கண்டுபிடித்து மாற்று' பெட்டியில் ஒட்டி, ஒன்றுமில்லாததாக மாற்ற வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணில் இருப்பது இதையெல்லாம்விடப் பெரிய பள்ளம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். சிஎஸ்வி கோப்பை நேரடியாகத் திறந்தாலும் இதே கதிதான். அப்படியே சேமித்துவிட்டால் தொலைந்த இலக்கத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. மூலக் கோப்புக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். எண்களை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

எழுத்தாக மாற்றிய பிறகும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்க்க உதவும் கவுண்ட்இஃப், எழுத்தாக இருக்கும் நீண்ட எண்ணையும் எண்ணாகவே நினைத்து, முதல் 15 இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்களில் இரட்டை என்று அது காட்டினால் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

பட்டியல் தமிழில் இருந்தால்?

தமிழ்ப் பெயர்களில் கண்ணை ஏமாற்றும் எழுத்துகள் சில உண்டு. 'ஔவை' என்பதை ஒரே எழுத்தான ஔ போட்டும் அடிக்கலாம். 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகச் சேர்த்தும் சிலர் அடித்துவிடுகிறார்கள். 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது. பல எழுத்துருக்களில் பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஸ்ரீதரும் ஸ்ரீதரும் கணினிக்கு இரண்டு பேர்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் என்றால் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடுகள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு பொருத்துவதே நல்லது.

எழுத்து கொஞ்சம் மாறினாலும் பொருத்திக் கொடுக்கும் வசதி எக்செல்லின் பவர் குவெரியில் இருக்கிறது. ஒற்றுமை அளவு 0.8-க்கு மேல் இருந்தால் ஒன்றாகக் கருதும். அந்த அளவை நாம் கூட்டலாம், குறைக்கலாம். உதவியான கருவிதான். ஆனால் கே.தமிழரசனும் கே.தமிழரசியும் ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக இருப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. அது தருவதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

மிகச் சுலபமான, பலர் செய்யாத வழி ஒன்று உண்டு. கணக்கு எண்ணைக் கொண்டுவரும்போதே இரண்டாவது பட்டியலில் இருக்கும் பெயரையும் சேர்த்துக் கொண்டுவந்து, முதல் பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் வையுங்கள். பொருத்தியது பதிவு எண்ணை வைத்து, சரிபார்ப்பது பெயரை வைத்து. முருகனுக்குப் பக்கத்தில் முருகன் இருக்கிறாரா என்று கண்ணை ஓட்டினாலே போதும். 480 வரிகளுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

அடுத்து எண்ணிக்கை. 480-இல் எத்தனை கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை? பிறகு திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும்: கணக்குப் பட்டியலில் இருக்கும் 463 பேரும் முதல் பட்டியலில் இருக்கிறார்களா? அங்கே மூன்று பேர் மிஞ்சினால், யாரோ மூன்று பேரின் பதிவு எண் எங்கோ தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கை பார்க்காமல் விட்டதற்கான விலையை 2020-ல் இங்கிலாந்து கொடுத்தது. கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது என்பதே காரணம் என்று செய்திகள் வெளியாயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அந்த அளவுக்குத் தாமதமானது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில் 10,48,576 வரிகள் வரை இடம் உண்டு.

அப்புறம், வரிசைப்படுத்தும்போது ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்வுசெய்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், எண்கள் அப்படியே நிற்கும். 'பக்கத்தில் உள்ளதையும் சேர்க்கவா?' என்று எக்செல் கேட்கும் பெட்டியை அவசரத்தில் தட்டிவிட்டுப் போவதால் வரும் வினை இது. அதற்காகவே மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியாக வைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்லுக்அப் இருக்கும்போது விலுக்அப் எதற்கு?

நல்ல கேள்வி. 2019-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த எக்ஸ்லுக்அப், மேலே சொன்ன குழிகளில் பலவற்றை மூடிவிடுகிறது. எதுவும் சொல்லாவிட்டாலும் அச்சு அசலான பொருத்தத்தைத்தான் தேடும். நெடுவரிசையை எண்ணிச் சொல்ல வேண்டாம், நேரடியாகக் காட்டினால் போதும். தேடும் நெடுவரிசைக்கு இடப்பக்கம் இருப்பதையும் எடுக்கும். கிடைக்காவிட்டால் என்ன எழுத வேண்டும் என்பதையும் அதற்குள்ளேயே சொல்லிவிடலாம். கூகுள் ஷீட்ஸில் 2022 முதல் இருக்கிறது, மொபைலிலும் வேலை செய்யும். புதிதாகக் கற்பவர்கள் நேரே இதிலிருந்தே தொடங்கலாம். ஒரே ஆளுக்குப் பல வரிகள் இருந்து, எல்லாமே வேண்டும் என்றால் ஃபில்டர் கட்டளை.

எக்செல் 2016, 2019 பதிப்புகளில் எக்ஸ்லுக்அப் கிடையாது. அங்கே இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதி இதே வேலையை வாங்கலாம். மேட்ச் கட்டளையின் கடைசியிலும் 0 போட மறக்கக் கூடாது, விட்டால் அதுவும் சுமாராகத்தான் தேடும்.

புதிய எக்செல்லில் செய்த கோப்பைப் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அனுப்பினால், திறந்தவுடன் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அவர் ஏதாவது ஒரு கட்டத்தைத் திருத்தி, எக்செல் மறுபடி கணக்குப் போடும்போதுதான் பதில் இருந்த இடத்தில் #நேம்? என்று வந்து நிற்கும். ஆகவே வெளியே அனுப்பும் கோப்பில் கட்டளைகள் வேண்டாம். முழு நெடுவரிசையையும் நகலெடுத்து, 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, 17 பேரின் பெயரைத் தனித் தாளில் எடுத்து வைத்துவிட்டு, மீதி 463 வரிகளை வங்கிக்கு அனுப்பலாம்.